பூண்டும் வெங்காயமும் ஆகாத வயிறு, சுவோனில் 11 மாதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென் கொரியாவின் சுவோன் நகரத்தில் வந்து இறங்கிய ஐந்தாம் நாள் ராத்திரி. வெள்ளை வெளேரென்று ஒரு கிண்ணம் சொல்லொங்தாங் முன்னால் வந்தது. மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுக்கிற சூப் அது, உப்புகூடப் போடாமல்தான் கொண்டுவந்து வைப்பார்கள். மேசையில் இருக்கும் உப்பையும் நறுக்கிவைத்த தேபாவையும் (நம்மூர் வெங்காயத்தாளுக்கு அண்ணன், விரல் தடிமன் இருக்கும்) வேண்டிய அளவு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இதைவிடப் பத்தியச் சாப்பாடு இந்த ஊரில் கிடைக்காது என்று நினைத்து, தேபாவைத் தொடாமல், கூட வந்த முள்ளங்கிக் கிம்ச்சியையும் (புளிக்கவைத்த காய், அவர்கள் ஊறுகாய்) ஓரமாகத் தள்ளிவிட்டு, சூப்பை அடிவரை குடித்தேன். பதினோரு மணிக்கு வயிறு மத்தளம் ஆனது. ஒரு மணிக்குச் சுருட்டிப் பிடித்தது. அதற்கப்புறம் விடியும்வரை நான் எங்கே இருந்தேன் என்பதை இந்த உபாதை உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அந்தக் கிண்ணத்தில் ஒரு பல் பூண்டு இல்லை, ஒரு கீற்று வெங்காயம் இல்லை. கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அப்புறம் எப்படி?

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் பிடித்தது. வேலை விஷயமாக 11 மாதம் அங்கே இருந்தேன், அத்தனை நாளும் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். இதே வயிற்றோடு கொரியாவுக்குக் கிளம்புகிறவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களுக்காக அந்த நோட்டைப் பிரித்து வைக்கிறேன்.

யாருடைய வயிறு இது

முதலில் ஆளைப் பற்றி. எனக்கு வயது 36, ஊர் மதுரை. பூண்டுக் குழம்பு, சின்ன வெங்காயச் சாம்பார், கொத்துப் பரோட்டா என்று வளர்ந்த உடம்புதான். முப்பதைத் தாண்டியதும் வயிற்று உப்புசம், வலி, ஒரு வாரம் பேதி, மறு வாரம் மலச்சிக்கல் என்று ஆரம்பித்தது. எண்டாஸ்கோப்பி எடுத்தார்கள், கோதுமை ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள், எல்லாம் நார்மல். கடைசியில் ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்) என்று பெயர் வைத்து ஒரு உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர்தான் ஃபாட்மேப் முறையில் என்னை நிறுத்தினார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய முறை இது. குடலில் புளித்து வாயுவாகக்கூடிய சர்க்கரை வகைகள் எல்லாவற்றையும் சில வாரம் அடியோடு நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது குற்றவாளி என்று பார்க்க வேண்டும். பால் எனக்குத் தப்பித்தது. தேனும் ஓரளவு தப்பித்தது. கோதுமை கொஞ்சம் போனால் பரவாயில்லை. வெங்காயமும் பூண்டும் மாட்டிக்கொண்டன, அதிலும் பூண்டு அரைப் பல்லுக்கே மாட்டிக்கொண்டது.

காரணம் ஃபிரக்டான். சர்க்கரைத் துண்டுகளைச் சங்கிலி மாதிரி கோத்த ஒரு பொருள். அந்தச் சங்கிலியை அறுக்கிற நொதி மனிதப் பிறவி எவருக்கும் கிடையாது, எனவே எல்லோருக்குமே அது செரிக்காமல்தான் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை விடுகின்றன. மற்றவர்களுக்கு அது ஒரு ஏப்பமோ இன்னொன்றோ, அவ்வளவோடு போய்விடும். என் மாதிரி ஆட்களுக்குக் குடல் நரம்புகள் கொஞ்சம் கூச்ச சுபாவம், லேசாக உப்பினாலே அலறும். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதனால் எந்தச் சாப்பாடு செய்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

இந்த ஃபிரக்டானுக்கு ஒரு குணம் உண்டு. இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடுகிறது: தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ரசத்தில் தட்டிப்போட்ட பூண்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டு ரசத்தைக் குடித்தால் பிரயோஜனம் இல்லை, சரக்கு முழுக்க ரசத்தில் இறங்கியிருக்கும். அதே பூண்டை வெறும் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு எண்ணெயை மட்டும் தாளிக்க எடுத்தால் வாசனை வரும், வயிறு வலிக்காது.

ஒரு எச்சரிக்கை. நான் சொல்வது செரியாமை. பூண்டு பட்டாலே உடம்பு தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது எல்லாம் ஒவ்வாமை, அது வேறு சமாச்சாரம். அப்படிப்பட்டவர்கள் இந்த எண்ணெய்க் கணக்கையோ, கீழே வரப்போகும் அடுப்புக் கணக்கையோ பின்பற்றவே கூடாது.

பூண்டில் பிறந்த ஊர்

கொரியர்களின் ஆதிக்கதையிலேயே பூண்டு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த சம்குக் யூசாவில் வரும் கதை: ஒரு கரடியும் ஒரு புலியும் மனிதராக வேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றன. ஒரு கட்டு மாசிப்பச்சை போன்ற மூலிகையும் 20 பல் பூண்டும் கொடுத்து, 100 நாள் வெயில் படாமல் குகைக்குள் இருங்கள் என்கிறார் வானத்திலிருந்து இறங்கிவந்தவர். புலி தாங்க முடியாமல் ஓடிவிடுகிறது. கரடி 21ஆம் நாளே பெண்ணாகிவிடுகிறது. அவள் பெற்ற பிள்ளைதான் கொரியாவின் முதல் அரசர் தாங்குன். இந்தக் கதையை எங்கள் டீம் லீடர் முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டு, "ஆக நீங்கள் புலி" என்றார். அடுத்த 11 மாதமும் அலுவலகத்தில் எனக்கு அதுதான் பெயர்.

தலைக்கு எத்தனை கிலோ பூண்டு சாப்பிடுகிறார்கள் என்று எடுத்தால் உலகத்தில் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. சூப்பர் மார்க்கெட்டில் பூண்டு மூன்று அவதாரத்தில் கிடைக்கும்: முழுசாக, உரித்து, அரைத்து. அரைத்ததற்குப் பெயர் தாஜின் மானுல். கிலோக் கணக்கில் டப்பாவில் விற்கிறார்கள், வீடுகளில் அதைச் சதுரம் சதுரமாக உறையவைத்து வைத்திருப்பார்கள், கீரையோ மீனோ கறியோ, எது அடுப்பில் ஏறினாலும் ஒரு சதுரம் உள்ளே போகும். நம் வீட்டில் உப்புப் போட்டீர்களா என்று யாராவது விருந்தாளி கேட்பாரா? அங்கே பூண்டும் அப்படித்தான். அதை ஒரு பொருளாகவே யாரும் எண்ணுவதில்லை.

அரசாங்கமும் எண்ணுவதில்லை. பாக்கெட் உணவில் கட்டாயம் எச்சரிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, சோயா, கானாங்கெளுத்தி, நண்டு, இறால், பன்றி இறைச்சி, பீச் பழம், தக்காளிகூட அதில் இருக்கிறது. பூண்டும் வெங்காயமும் இல்லை. எனவே பாக்கெட்டில் தடித்த எழுத்தில் தேடிப் பயனில்லை, உள்ளே இருக்கும் பொடி எழுத்துப் பட்டியல் முழுவதையும் படித்தே ஆக வேண்டும். நான் கொரிய எழுத்து கற்றுக்கொண்டதே இதற்காகத்தான். அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை, ஒரு சனி ஞாயிறு போதும். வெங்காயம் யாங்பா, பெரிய வெங்காயத்தாள் தேபா, சிறியது சொக்பா. மூன்றுக்கும் கடைசி எழுத்து ஒன்றே, அந்த ஒரு "பா"வைக் கண் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பூண்டு மானுல். ஆனால் "சீசனிங்" என்றோ "கலவை மசாலா" என்றோ மொத்தமாகப் போட்டிருந்தால் உள்ளே என்ன என்று பல சமயம் தெரியாது, கொஞ்சமாகச் சேரும் கூட்டுப் பொருளுக்குப் பெயரை மட்டும் போட்டால் போதும் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. அந்த மாதிரி பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

ஆறு வாரத் தவறுகள்

சொல்லொங்தாங்குக்கு அடுத்து நான் செய்த காரியம், ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தது. "மானுல் ப்பே ஜுசெயோ", பூண்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள். எல்லாக் கடையிலும் சொன்னேன், எல்லோரும் "நே, நே" என்று தலையாட்டினார்கள், அப்படியே எடுத்தும் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேலே தூவும் பூண்டுத் துண்டை எடுத்துவிட்டார்கள். காலையிலேயே மசாலாவில் அரைத்துக் கலந்த பூண்டு அவர்கள் கணக்கில் பூண்டு இல்லை, அது யாங்நியோம். யாங்நியோம் என்றால் மசாலாக் கலவை. பூண்டு, தேபா, எள், நல்லெண்ணெய், சோயா சாஸ், சில சமயம் மிளகாய்த்தூள், எல்லாம் சேர்ந்த ஒரு கூழ்.

பிபிம்பாப்பில் இது எனக்கு நன்றாகப் பாடம் கற்றுக்கொடுத்தது. சிவப்புக் கொச்சுஜாங் விழுதைத் தனியாக வையுங்கள் என்று சொல்லி, சோறு, முட்டை, காய்கள் மட்டும் சாப்பிட்டேன். வயிறு அன்றைக்கும் மத்தளம். ஏனென்றால் மேலே அழகாக அடுக்கிவைத்திருக்கிற பசலைக் கீரை, முளைகட்டிய பயறு, முள்ளங்கி, ஒவ்வொன்றும் தனித்தனி நாமுல். ஒவ்வொன்றையும் வேகவைத்து, பிழிந்து, அரைத்த பூண்டும் நல்லெண்ணெயும் போட்டுக் கையால் பிசைந்து வைத்திருப்பார்கள். ஆறு நாமுல் என்றால் ஆறு முறை பூண்டு.

வெள்ளைக் கிம்ச்சியிலும் ஏமாந்தேன். மிளகாய் இல்லாத கிம்ச்சி என்பதால் சாதுவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன், மிளகாய்தான் இல்லை, பூண்டு உண்டு. வறுத்த கோழியில் மேல்மாவிலேயே பூண்டுப் பொடியும் வெங்காயப் பொடியும். கறுப்புச் சாஸ் போட்ட ஜாஜாங்மியோன் பற்றிப் பேசவே வேண்டாம், பாதி வெங்காயம், போதாக்குறைக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயம் வேறு ஒரு தட்டில் வரும்.

எல்லாவற்றையும்விட என்னை நொந்துபோக வைத்தது சுவோன் கல்பி. இந்த ஊரின் பெருமையே அதுதான், ஆளுக்குப் பெரிய பெரிய மாட்டு விலாத் துண்டுகள். மற்ற ஊர்களில் சோயா சாஸில் ஊறவைப்பார்கள், சுவோனில் உப்பில் ஊறவைப்பதுதான் மரபு. உப்பில் என்று சக ஊழியர் சொன்னதை உப்பில் மட்டும் என்று என் காது கேட்டுக்கொண்டது. அந்த உப்போடு பூண்டு, தேபா, பழச்சாறு, எள் எல்லாம் உண்டு என்பதைக் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிறைய சாப்பிட்டேன், ஏனென்றால் நன்றாக இருந்தது. மறுநாள் விடுப்பு.

முதல் ஆறு வாரம், 42 நாள். நோட்டில் 17 நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்.

காலை ஏழரை மணி டப்பா

அறைக்குக் கீழே சந்து முனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. எட்டு மேசை. நடத்துகிறவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அங்கே இந்த மாதிரிக் கடைக்காரம்மாவை "இமோ" என்று கூப்பிடுவது வழக்கம், அம்மாவின் சகோதரி என்று அர்த்தம், நம் சித்தி, பெரியம்மா. அவர் என்னை "சொங்காக்" என்பார், கல்யாணமாகாத பையன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று போட்டோவைக் காட்டியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆறாவது வாரம் ஒருநாள் காலை, முந்தின ராத்திரி அவர் கடையில் சாப்பிட்டதற்கான தண்டனையை அனுபவித்துவிட்டு, வெறும் சோறும் சுட்ட கடற்பாசியும் வாங்கலாம் என்று ஏழரைக்கே போய் நின்றேன். கடை இன்னும் திறக்கவில்லை, அடுக்களைக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் நெத்திலிக் கருவாடு, அகலமான கடற்பாசிப் பட்டை, அவற்றோடு ஒரு கைப்பிடி வெங்காயத் தோல், மண் போகக் கழுவிய தேபா வேர்கள், தோலோடு பாதியாக வெட்டிய வெங்காயம் இரண்டு. இமோ ஒரு சல்லடைக் கரண்டியை எடுத்து இவை எல்லாவற்றையும் அரித்து வெளியே போட்டார். பானையில் மிச்சம் இருந்தது தெளிவான பொன்னிறத் தண்ணீர். யுக்சு. அன்றைக்கு அந்தக் கடையில் போகப்போகும் எல்லா சூப்புக்கும், எல்லாக் குழம்புக்கும், முட்டைக் கட்டிக்கும்கூட அந்தத் தண்ணீர்தான்.

அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். சொல்லொங்தாங்கில் பூண்டு இல்லாததற்கு இதுதான் விடை. இருந்தது, கொதித்தது, கரைந்தது, வெளியே போனது. எலும்பின் வாடை போக வேண்டும் என்று எல்லோரும் செய்கிற வேலைதான். எண்ணெயில் கரையாதது தண்ணீரில் முழுசாக இறங்கிவிட்டது, நான் அதை அடிவரை குடித்திருக்கிறேன்.

நான் சிரித்ததைப் பார்த்து இமோ என்ன என்று கேட்டார். போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தவர், குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்தால் சிவப்பும் பழுப்புமாக ஒரு கூழ். அதைச் சுட்டி "இது உள்ளே போனால், சொங்காக், நான் எதையும் எடுக்க முடியாது" என்றார். அப்புறம் பச்சைக் கறி இருந்த தட்டைக் காட்டி, "இது இன்னும் தொடவில்லை" என்றார்.

அன்றிலிருந்து நான் பூண்டு உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இதற்கு மசாலா எப்போது சேரும் என்று கேட்க ஆரம்பித்தேன். அடுக்களையில் காலையிலேயே சேர்ந்துவிட்டது என்றால் அந்தப் பக்கமே போவதில்லை. மேசைக்கு வந்தபிறகு நானே சேர்த்துக்கொள்வது என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். இந்த ஒரு கேள்வியால் கொரியச் சமையல் இரண்டாகப் பிரிந்து நின்றது, எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் இரண்டாவது பக்கமும் ஒன்றும் சின்னதாக இல்லை.

சம்க்யொப்சால் அந்தப் பக்கம்தான். பன்றி வயிற்றுக் கறியைப் பட்டை பட்டையாக, எதிலும் ஊறவைக்காமல், நம் கண்முன்னே சுட்டுத் தருவது. தொட்டுக்கொள்ள சம்ஜாங் வரும், அதைத் தொடக்கூடாது, பூண்டும் வெங்காயமும் உள்ளே இருக்கும். அதற்குப் பதில் கிரும்ஜாங் கேட்டால் நல்லெண்ணெயில் உப்பும் மிளகும் போட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுப்பார்கள், அது போதும். அலுவலக விருந்து என்றாலே பெரும்பாலும் இந்தக் கடைதான் என்பது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஒரே தட்டில் மற்றவர்கள் பூண்டுப் பற்களையும் போட்டுச் சுடுவார்கள், முதலில் பதறினேன், அப்புறம் எண்ணெய்க் கணக்கு ஞாபகம் வந்தது: சுடும் தட்டில் ஓடுவது கொழுப்பு, பூண்டின் வாசனைதான் அதில் வரும், ஃபிரக்டான் வராது. ஆனால் கிம்ச்சியை அதே தட்டில் போட்டால் கதை வேறு, அதன் சாறு தண்ணீர். தட்டு சாய்வாக இருக்கும், கொழுப்பு ஒரு பக்கமாக வடியும். நான் எப்போதும் மேட்டுப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன், கிம்ச்சி பள்ளத்துப் பக்கம். டீம் லீடருக்கு இது தெரிந்தபிறகு "புலிக்கு மேடு" என்று அவரே இடம் ஒதுக்கிவிடுவார்.

உப்பு மட்டும் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி என் தினசரிச் சாப்பாடானது. கூடவே சோறு, நல்லெண்ணெய் தடவிச் சுட்ட கிம் கடற்பாசி. பச்சை மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஹ்வே உண்டு, சிவப்புச் சாஸை ஒதுக்கிவிட்டு சோயா சாஸும் வசாபியும் கேட்டால் போதும், கடைசியில் மிச்ச முள்ளைப் போட்டுக் காரக் குழம்பு வைத்துத் தருவார்கள், அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கஞ்சி வகையில் பைன் கொட்டைக் கஞ்சியும் பூசணிக் கஞ்சியும் எனக்கு ஒத்துக்கொண்டன. வேனிற்காலத்தில் ஊரே சாப்பிடும் கொங்குக்சு, அதாவது சோயாப் பாலில் மிதக்கும் குளிர்ந்த நூடுல்ஸ், பூண்டு ஒரு துளி இல்லாத பண்டம், உப்புகூட நாமே போட்டுக்கொள்வது. என் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்கிய பண்டம் அது. அப்படியும் என்னைப் படுக்கவைத்தது. முழுச் சோயாவை அரைத்த பாலில் பயறு வகைக்கே உரிய வேறொரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, நூடுல்ஸ் கோதுமை, அதில் ஃபிரக்டானும் கொஞ்சம். பூண்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றவற்றை மறந்துவிட்டேன்.

துறவிகளின் தட்டும் பெருங்காயமும்

கொரியாவில் பூண்டு இல்லாத சமையலே கிடையாதா என்று கேட்டால், உண்டு, ஆயிரம் வருடத்துக்கும் மேலாக உண்டு, அது புத்த மடங்களில் இருக்கிறது. ஓசின்சே என்று ஐந்து காரமான பொருள்களை அவர்கள் விலக்குகிறார்கள்: பூண்டு, தேபா, புச்சு எனும் பூண்டுத் தழை, தால்லே எனும் காட்டு வெங்காயம், ஐந்தாவது ஹுங்கோ. பச்சையாகத் தின்றால் கோபம் கூடும், சமைத்துத் தின்றால் காமம் கூடும் என்று சூரங்கம சூத்திரம் சொல்கிறது. நம்மூரில் மடிச் சமையல் செய்கிறவர்கள் சொல்லும் காரணத்திலிருந்து இது அதிக தூரம் இல்லை.

ஹுங்கோ என்றால் என்ன என்று தேடியபோதுதான் வேடிக்கை. அது ஹிங்கு. பெருங்காயம்! நம் வீடுகளில் பூண்டு சேர்க்காதவர்கள் பூண்டுக்குப் பதிலாகக் கிள்ளிப் போடுவதை இவர்கள் பூண்டோடு சேர்த்துத் தள்ளிவைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் கொரிய மண்ணில் அது விளைவதே இல்லை. பார்த்திராத பொருளை சாஸ்திரத்தில் இருக்கிறது என்பதற்காக விலக்கிவைத்திருக்கிறார்கள், அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

சியோலில் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே பால்வூ கோங்யாங் என்ற உணவகம் இருக்கிறது, ஜோக்யே பௌத்தப் பிரிவே நடத்துவது, அந்நகரத்துக்கு வெளிவந்த முதல் மிஷெலின் வழிகாட்டியிலேயே, 2017 பதிப்பில், ஒரு நட்சத்திரம் வாங்கியது. கையைக் கடிக்கும் விலை. அதைவிடச் சுலபமான வழி, 2002 உலகக் கோப்பைக் கால்பந்துச் சமயத்தில் தொடங்கிய கோயில் தங்கல் திட்டம். நாடு முழுக்கப் பல மடங்களில் ஓரிரு இரவு தங்கலாம், மூன்று வேளையும் மடத்துச் சாப்பாடு. நான் மலையடிவாரத்தில் ஒரு மடத்துக்குப் போனேன், 11 மாதத்தில் முதல்முறையாக யாரிடமும் எதையும் கேட்காமல் எல்லாக் கிண்ணத்திலும் கை வைத்தேன். இஞ்சியும் சோயா சாஸும் மட்டும் போட்ட கிம்ச்சி, பெரில்லா விதையை அரைத்துவிட்ட பால் மாதிரிக் குழம்பு, மூன்று விதமாகச் சமைத்த காளான். சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குடிக்க வேண்டும், அதையும் பக்தியோடு செய்தேன்.

ராத்திரி அவதி. துறவிகள் மேல் குற்றம் இல்லை. மடத்து யுக்சுவுக்கு வெங்காயம் கிடையாது, எனவே சுவைக்குக் காய்ந்த ஷிடாகே காளானைத்தான் நம்பியிருக்கிறார்கள், ஷிடாகேயில் மானிடால் என்ற சர்க்கரை ஏராளம், அதுவும் என் பட்டியலில் இருப்பதுதான். மறுநாள் ஷிடாகேயையும் அந்தக் குழம்பையும் விட்டுவிட்டு சிப்பிக் காளான், சோறு, கிம்ச்சி என்று நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. பூண்டு மட்டும்தான் பிரச்சினை என்றால் மடம் சொர்க்கம், ஃபாட்மேப் முழுக்கப் பிரச்சினை என்றால் அங்கேயும் கண்ணைத் திறந்துகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

என் அடுப்பு

வெளியே எவ்வளவு சாமர்த்தியமாகச் சாப்பிட்டாலும், காரசாரமான குழம்பு வேண்டும் என்றால் வீட்டில்தான் வைக்க முடியும். அடிப்படைச் சாமான்களில் தொயென்ஜாங் எனும் புளித்த சோயா விழுதும் சோயா சாஸும் பெரும்பாலும் சரி, பட்டியலைப் படித்து வாங்கினேன். கொச்சுஜாங்தான் தகராறு. பாரம்பரியக் கணக்கில் அது மிளகாய்த்தூள், பசையரிசி, சோயாக் கட்டியின் பொடி, முளைகட்டிய பார்லி, உப்பு, அவ்வளவே. ஆனால் கடையில் வரும் சிவப்பு டப்பாக்கள் பலவற்றில் மிளகாய்க் கலவை என்று ஒரு வரி இருக்கும், அதன் அடைப்புக்குறிக்குள் பூண்டும் வெங்காயமும் உட்கார்ந்திருக்கும். வாரச் சந்தையில் ஒரு பாட்டி வீட்டில் செய்து விற்றதை வாங்கினேன், விலை அதிகம், 11 மாதத்துக்கு இரண்டு டப்பா ஆனது.

கிம்ச்சியும் போட்டேன். நவம்பரில் ஊரே சேர்ந்து கிம்ச்சி போடும் கிம்ஜாங் நாட்கள் வரும், 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வழக்கம் அது. இமோ தன் கடைக்கு மலை மாதிரி முட்டைக்கோஸைக் குவித்துவைத்திருந்தார், அதில் ஒன்றை எனக்குக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தார். நாலாகப் பிளந்து, கல்லுப்புத் தூவி, தண்டு வளைத்தால் ஒடியாமல் மடங்கும்வரை ஊறவிட்டு, கழுவி, வடிகட்டி, பசையரிசிக் கூழில் மிளகாய்த்தூள், இஞ்சி, மீன் சாறு, முள்ளங்கிக் குச்சிகள், தேபாவின் பச்சைத் தாளை மட்டும் நறுக்கிப் போட்டுப் பிசைந்து, இலை இலையாகத் தடவ வேண்டும். தாளின் பச்சைப் பகுதியில் ஃபிரக்டான் குறைவு, வெள்ளைத் தண்டில்தான் சரக்கு முழுக்க, எனவே வெள்ளையை இமோவின் பக்கம் தள்ளினேன். பூண்டு வாசனைக்குப் பூண்டு எண்ணெய் நாலு சொட்டு விடலாமா என்று கேட்டேன், கிம்ச்சியில் எண்ணெயா என்று அவர் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சை விட்டேன். குழம்புக்கும் வறுவலுக்கும் மட்டும் அந்த எண்ணெய். அன்றன்றைக்குத் தேவையான அளவே காய்ச்ச வேண்டும். பூண்டுப் பல்லை எண்ணெயில் போட்டு அறைச்சூட்டில் நாள் கணக்கில் வைத்தால் அதில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷக் கிருமி வளரலாம்.

இரண்டு வாரம் கழித்து என் கிம்ச்சியை ருசி பார்த்த டீம் லீடர், நாகரிகமான மனிதர், "சுத்தமான சுவை" என்றார். இமோ ஒரு துண்டைக் கடித்துவிட்டு "ஆஸ்பத்திரிக் கிம்ச்சி" என்றார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கடைசி ஆறு வாரத்தில் சிவப்பு வட்டம் மூன்றே நாள். அதில் ஒன்று தெருவோரத் தொக்போக்கி (காரச் சாஸில் வேகவைத்த அரிசிமாவுத் துண்டுகள்), தெரிந்தே, ஊருக்குத் திரும்பும் முன் ஒரு தடவையாவது என்று ஆசைப்பட்டுச் சாப்பிட்டது. இன்னொன்று ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. குளிர்ந்த நேங்மியோன் நூடுல்ஸ் மட்டும் கடைசிவரை என் கைக்கு எட்டவில்லை, அதன் உயிரே யுக்சுதான், வெங்காயம் போடாத யுக்சு எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கிளம்பும் முன்னால் இமோவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பெட்டியில் மிச்சமிருந்த மஞ்சள் பெருங்காய டப்பாவைக் கொடுத்தேன், நான் பூண்டுக்குப் பதில் போடுவது இதைத்தான், துறவிகள் தள்ளிவைத்த ஐந்தாவது பொருளும் இதுதான் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். சட்டென்று மூடினார். எழுந்துபோய் அடுக்களை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்து, டப்பாவை என் பக்கமே நகர்த்தினார். பூண்டு மணத்திலேயே அறுபது வருடம் வாழ்ந்த அம்மா அவர்.

"துறவிகள் செய்தது சரிதான், சொங்காக்" என்றார்.